ஒயில் அழுத்தம் அளக்கும் கேஜ் செற்: ஓவரோல் முடிந்த என்ஜினில் பொருத்திப் பார்த்த பின் ஒரு மதிப்பீடு

மட்டக்களப்பு நகரத்தின் உதிரிப்பாகக் கடையொன்றில் வாங்கிய, எந்த நிறுவனத்தின் பெயரும் பொறிக்கப்படாத, பிளாஸ்டிக் பெட்டியில் அடங்கிய ஒயில் அழுத்தம் அளக்கும் கேஜ் செற் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். ஓவரோல் செய்து, அதாவது முழுவதும் பிரித்துத் தேய்ந்தவற்றைச் சரிசெய்து பூட்டிய கார் என்ஜினில் ஒயில் அழுத்தம் வராமல் நின்றபோது இதைப் பயன்படுத்தினோம். என்ஜினைக் காப்பாற்றிய கருவி என்பதால் இதன் நிறைகளைச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. அதே அளவுக்கு இதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அளவுகருவி ஒன்றில் உள்ள குறை தெரியாமல் அதன் முள்ளை நம்புவது, அந்தக் கருவியே இல்லாதிருப்பதைவிட ஆபத்தானது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைக்கும் வரையான ஆண்டுகளில், பழைய வாகனத்தைப் பேணி ஓட்டுவதைத் தவிர நம்மில் பெரும்பாலானோருக்கு வேறு வழி இருக்கவில்லை. அனுமதி வந்த பின்னும் புதிய வாகனத்தின் விலை எட்டாத உயரத்திலேயே இருக்கிறது. அதனால் கல்லடியிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வரை பிரதான வீதியோரக் கராஜ்களில் தொண்ணூறுகளில் வந்த ஜப்பானிய என்ஜின்கள் பிரித்துப் பூட்டப்படுகின்றன. லேத் பட்டறைகளில் சிலிண்டரைக் குடைந்து போர் அடிக்கிறார்கள், கிராங் என்னும் சுழல்தண்டைக் கடைகிறார்கள், வால்வு அரைக்கிறார்கள். ஆனால் பூட்டி முடித்த என்ஜினை முதன்முறை இயக்கும்போது ஒயில் அழுத்தத்தை உண்மையாக அளந்து பார்க்கும் கராஜ்கள் மிகக் குறைவு. டேஷ்போர்டில் எரியும் சிவப்பு விளக்கு அணைந்தால் சரி, அணையாவிட்டால் சுவிட்ச் பழுது என்ற இரண்டே முடிவுகளுடன் வேலை நடக்கிறது.

அந்த விளக்கு என்ன சொல்கிறது, என்ன சொல்லாது என்பதை முதலில் தெளிவாக்க வேண்டும். என்ஜினின் உடலான புளொக்கில் பொருத்தப்பட்டிருக்கும் ஒயில் சுவிட்ச் ஒற்றை வயர் கொண்டது. அழுத்தம் இல்லாதபோது அதன் உட்தொடுகை மூடியிருந்து, என்ஜின் உடல் வழியாக எர்த் கிடைத்து விளக்கு எரிகிறது. அழுத்தம் ஏறியதும் தொடுகை விலகி விளக்கு அணைகிறது. சாதாரணக் கார்களில் இந்த விலகல் 3 முதல் 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல்) அளவிலேயே நடந்துவிடும். ஆகவே விளக்கு அணைந்தது என்றால் அந்தச் சிறிய அளவைத் தாண்டியிருக்கிறது என்பது மட்டுமே பொருள். நிமிடத்துக்கு 3000 சுற்றில் 40 பிஎஸ்ஐ இருக்கவேண்டிய என்ஜினில் 10 மட்டுமே இருந்தாலும் விளக்கு அணைந்துதான் இருக்கும். மறுபுறம், சுவிட்சின் வயர் எங்காவது தோல் உரிந்து புளொக்கில் பட்டால், அழுத்தம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விளக்கு அணையாது. ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலுமாக உள்ள நமது ஊர்களில் உப்புக் காற்றால் முனைகளில் பச்சைக் களிம்பு பிடிப்பது வழக்கம். அப்படிப் பிடித்து வயர் தொடர்பு விட்டுப்போனால் விளக்கு எரியவே எரியாது, உரிமையாளர் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருப்பார். சாவியைத் திருப்பி, என்ஜினை இயக்காமல், விளக்கு எரிகிறதா என்று பார்க்கும் பழக்கம் இதற்காகவே வேண்டும்.

பெட்டிக்குள் இருப்பவை இவை: 0 முதல் 140 பிஎஸ்ஐ வரையும் அதற்கு இணையாக 10 பார் வரையும் அளவு குறித்த வட்டமான கேஜ், அதைத் தொங்கவிட ஒரு கொளுவி, ஏறத்தாழ ஒரு கை நீளத்துக்கும் மேலான ரப்பர் ஹோஸ், பல அளவிலான பித்தளை அடப்டர்கள். பல வாகனங்களுக்குப் பொருந்தும் என்று சொல்லி விற்கப்படும் இத்தகைய செற்றின் தரம் முழுவதும் அடப்டர்களில்தான் தங்கியிருக்கிறது, முதல் எச்சரிக்கையும் அங்கேதான். ஜப்பானியக் கார்களில் ஒயில் சுவிட்ச் அமரும் துளை பெரும்பாலும் 1/8 அங்குல பிரித்தானியக் கூம்புப் புரி கொண்டது. அதில் அங்குலத்துக்கு 28 புரிகள் உண்டு. அமெரிக்கக் கூம்புப் புரியில் அதே 1/8 அளவில் 27 புரிகள். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். தவறானதைக் கையால் திருகினால் இரண்டு மூன்று சுற்று இதமாக ஏறிவிட்டுப் பின்பு இறுகும். அந்த இடத்தில் ஸ்பானர் போட்டு வலிந்து ஏற்றினால் புளொக்கின் புரியே போய்விடும். என் பெட்டியில் இரண்டு அடப்டர்களும் இருந்தன, ஆனால் எது எதுவென்று எந்த அடையாளமும் இல்லை. கழற்றிய பழைய சுவிட்சின் புரியோடு அடப்டரின் புரியைப் பல்லோடு பல் பொருந்த வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, இடைவெளி தெரியாததைத் தெரிந்தெடுத்தோம். வாங்குபவர்கள் கடையிலேயே ஒரு பழைய சுவிட்சைக் கொண்டுபோய் இதைச் சோதித்து, பொருந்தும் அடப்டரில் பெயின்ற் புள்ளி ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது.

கேஜை என்ஜினில் பொருத்துமுன், ஹோஸை 1/4 அங்குல இணைப்பு வழியாக டயர் கடையின் கம்பிரசர் காற்றுக் குழாயோடு இணைத்து, அங்குள்ள கேஜோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். 30, 60, 90 ஆகிய மூன்று இடங்களிலும் முள் ஏறத்தாழ ஒத்து நின்றது. வேறுபாடு ஒரு கோடு அளவே. காற்றை விட்டதும் பூச்சியத்தில் போய் அமர்ந்தது. இந்த விலைக்கு இது திருப்தியான பெறுபேறு.

இனி, நடந்ததற்கு வருகிறேன். வாகனம் டொயோட்டா கொரொல்லா 110. என்ஜின் 5ஏ-எஃப்இ, 1498 சீசீ. இதன் ஒயில் பம்ப் என்ஜினின் முன்முகத்தில், டைமிங் பெல்ட் பக்கத்தில், கிராங்கினாலேயே நேரடியாகச் சுழற்றப்படுவது. தயாரிப்பாளர் தரும் அளவு, என்ஜின் சூடான நிலையில் ஐட்லிங்கில், அதாவது முடுக்காமல் சும்மா ஓடும்போது, 7 பிஎஸ்ஐக்குக் குறையாமலும் 3000 சுற்றில் 36 முதல் 71 பிஎஸ்ஐ வரையும் இருக்கவேண்டும் என்பது. ஓவரோல் முடித்து, புது ஒயிலும் புது பில்டரும் போட்டு இயக்கியபோது விளக்கு அணையவில்லை. சில விநாடிகளில் நிறுத்தப்பட்டது. புதிய சுவிட்ச் மாற்றியும் பயனில்லை. கராஜ்காரர் அனுபவசாலி, கெட்ட எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை. ஆனாலும் அவர், “ஒயில் மேல ஏற நேரமெடுக்கும் தம்பி, கொஞ்சம் ரேஸ் பண்ணிப் பாப்பம்” என்றார். “வேணாம் பாஸ், கேஜ் போட்டுப் பாத்திட்டு முடிவெடுப்பம்” என்று நான் தடுத்தேன். பூட்டும்போது பெயாரிங்குகளில் தடவிய ஒயில் அல்லது கிரீஸ் ஒரு குறுகிய நேரத்துக்கே உலோகத்தை உலோகத்திலிருந்து பிரித்து வைத்திருக்கும். அது தீர்ந்த பின் ரேஸ் பண்ணி வேகம் கூட்டினால், லேத்தில் கடைந்து பளபளப்பாக வந்த கிராங்கின் முகத்தில் கீறல் விழும். போட்ட செலவு முழுவதும் அந்தச் சில கணங்களில் போய்விடும்.

ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, பெற்றோல் பம்பினதும் இக்னிஷனினதும் இணைப்பை எடுத்துவிட்டு, ஸ்டாட்டரால் மட்டும் என்ஜினைச் சுற்றினோம். பிளக் இல்லாததால் கம்பிரெஷன் எதிர்ப்பு இராது. கிராங் வேகமாகவும் இலகுவாகவும் சுழலும், பெயாரிங்குகளின் மீது சுமையும் மிகக் குறைவு. ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் சுற்றாமல், ஸ்டாட்டர் ஆற இடைவெளி விட்டோம். நலமாக உள்ள என்ஜினில் இந்தச் சுழற்சியிலேயே இருபது, முப்பது பிஎஸ்ஐ எழுந்து நிற்கும். எமது கேஜின் முள் முதலில் அசையவேயில்லை. பின்பு 3, 4 வரை துடித்து எழுந்து, உடனே பூச்சியத்துக்கு விழுந்தது. மீண்டும் துடித்தது, மீண்டும் விழுந்தது. கேஜுக்குப் பதில் சுவிட்ச் இருந்திருந்தால், சிவப்பு விளக்கு இத்தனைக்கும் எரிந்துகொண்டு மட்டும்தான் இருந்திருக்கும். இந்தத் துடிப்பைக் காட்டியதற்காகவே இந்தக் கேஜுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன், ஏனெனில் அசையாத பூச்சியமும் துடித்து விழும் பூச்சியமும் வேறு வேறு நோய்கள். பம்ப் சுழல்கிறது, எதையோ தள்ளவும் செய்கிறது; ஆனால் அது தள்ளுவது தனி ஒயில் அல்ல, காற்றுக் கலந்த ஒயில் என்பதே இதன் பொருள்.

காற்று எங்கிருந்து வரலாம்? என்ஜினின் அடியில் ஒயில் தங்கும் தட்டான சம்பில், ஒயிலுக்குள் மூழ்கியிருக்கும் ஸ்ட்ரெயினர் என்ற வலை வடியிலிருந்து ஒரு குழாய் மேலேறிப் பம்பின் வாயில் இணைகிறது. அந்த இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கற் ஒன்று உண்டு. இணைப்பு ஒயில் மட்டத்துக்கு மேலே இருப்பதால், அங்கு ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும், விரிசல் விட்ட குழலால் இளநீர் உறிஞ்சுவதுபோல, ஒயிலுக்கு முன்னதாகக் காற்றே உள்ளே வந்துவிடும். இதை உறுதிப்படுத்தச் சம்பைக் கழற்ற வேண்டியதில்லை. அந்த இணைப்பை ஒயிலுக்குள் மூழ்கவைத்துப் பார்த்தால் போதும். கொரொல்லாவில் என்ஜின் குறுக்காக அமர்ந்திருப்பதால் டைமிங் பெல்ட் பக்கம் வாகனத்தின் வலப்பக்கமாக வருகிறது. ஆகவே ஒயிலை வழமையான அளவுக்கு மேல் ஒரு லீற்றர் ஊற்றி, வாகனத்தின் இடப்பக்கத்தை ஜாக் போட்டு உயர்த்தி, ஸ்டாண்ட் வைத்து, ஒயில் முழுவதும் பம்பின் பக்கம் சாயும்படி செய்து, மீண்டும் ஸ்டாட்டரால் மட்டும் சுற்றினோம். முள் சற்றுத் தயங்கி, பின்பு எழுந்து 25க்கு அருகில் சென்று நின்றது. வாகனத்தை இறக்கி, மிகை ஒயிலை வடித்துவிட்டுச் சுற்றியபோது பழைய துடிப்பே திரும்பியது. பம்ப் நலம், பெயாரிங் நலம், குறை அந்த இணைப்பில்தான் என்று கையால் தொடாமலே தெரிந்துவிட்டது. இப்படி ஒயில் கூடுதலாக உள்ள நிலையில் என்ஜினை ஒருபோதும் இயக்கக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கிராங் ஒயிலை அடித்து நுரையாக்கிவிடும்.

சம்பை இறக்கியபோது கேஸ்கற் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறச் சிலிக்கன் பூசப்பட்டிருந்தது. இறுக்கும்போது அது ஒரு மூலையில் பிதுங்கிக் கிழிந்து, நகம் நுழையும் அளவு வழி விட்டிருந்தது. பிதுங்கியதில் ஒரு துண்டு, புழுவைப்போல் சுருண்டு ஸ்ட்ரெயினரின் வலையில் ஒட்டிக்கிடந்தது. சிலிக்கனுக்கு என்ஜினில் உரிய இடங்கள் உண்டு, அங்கும் மெல்லிய ஒற்றைக் கோடாகத்தான் போடவேண்டும். உறிஞ்சும் பக்கத்தில் அதைக் கேஸ்கற்றுக்குப் பதிலாகப் பூசுவதை எந்தக் கராஜும் செய்யக்கூடாது. சில நூறு ரூபா கேஸ்கற்றை மிச்சப்படுத்த, பல இலட்சம் ரூபா வேலையைப் பணயம் வைப்பதற்குச் சமம் அது. வாகனத்தை ஓவரோலுக்குக் கொடுப்பவர்கள், முழுக் கேஸ்கற் செற்றையும் வாங்கிக் கொடுத்து, வேலை முடிந்ததும் செற்றில் மிஞ்சியவற்றைக் கேட்டு வாங்கிப் பார்க்கவேண்டும். போடப்படாமல் மிஞ்சிய துண்டு ஒன்றே பல விடயங்களைச் சொல்லிவிடும்.

சரியான கேஸ்கற் போட்டுச் சம்பைப் பூட்டிய பின், பில்டரைக் கழற்றி, அது அமரும் வட்டத்தின் வெளிப்புறத் துளை வழியாகச் சிரிஞ்சால் ஒயிலைச் செலுத்தினோம். பம்பிலிருந்து பில்டருக்கு வரும் பாதை அது என்பதால் ஒயில் பம்பின் பக்கமே இறங்கி, உள்ளிருக்கும் பற்களை நனைத்துவிடும். காய்ந்த பம்ப் காற்றைத்தான் சுற்றிக்கொண்டிருக்கும். நனைந்த பம்பே உறிஞ்சும். பம்பைப் பூட்டும்போதே அதன் உள்ளே வசிலின் நிரப்பியிருந்தால் இந்த வேலையே தேவைப்படாது. வசிலின் சூட்டில் உருகி ஒயிலோடு கலந்துவிடும். சில்லு பெயாரிங்குக்குப் போடும் தடித்த கிரீஸ் அப்படிக் கரையாது, பில்டரை அடைக்கும். பில்டரையும் ஒயிலால் நிரப்பிப் பூட்டிச் சுற்றியபோது முள் உடனே எழுந்து 30ஐத் தாண்டியது. அதன் பிறகே பிளக்குகளைப் போட்டு இயக்கினோம். குளிர்ந்த நிலையில் ஐட்லிங்கில் 50க்கு மேலும், ரேடியேற்றர் பேன் இரண்டு முறை ஓடி நின்ற பின் ஐட்லிங்கில் 15 அளவிலும், 3000 சுற்றில் 48 அளவிலும் முள் நின்றது.

எல்லா என்ஜினிலும் குறை இதே இடத்தில் இருக்கும் என்று கொள்ளவேண்டாம். முள் நடந்துகொள்ளும் விதத்தைக் கவனிக்கவேண்டும். சுற்றச் சுற்ற அசையாத பூச்சியம் என்றால், பில்டரைக் கழற்றிவிட்டுச் சிறிது சுற்றிப் பார்த்தால் பம்பிலிருந்து ஒயில் வருகிறதா என்று தெரிந்துவிடும். வராவிட்டால் காய்ந்த பம்ப், அடைபட்ட ஸ்ட்ரெயினர், தவறாகப் பூட்டிய பம்ப் என்று அந்தப் பக்கம் தேடவேண்டும். பில்டர் வரை ஒயில் தாராளமாக வந்து, அதற்கு அப்பால் அழுத்தம் மட்டும் எழாமல், வேகம் கூட்டினாலும் முள் ஏறாமல் இருந்தால் இரண்டு சந்தேகங்கள் முதன்மையானவை. ஒன்று, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் றிலீஃப் வால்வு உலோகத் துகள் சிக்கித் திறந்தபடி நிற்பது. மற்றொன்று, லேத்தில் புளொக்கைக் கழுவும்போது ஒயில் வழிகளின் முனைகளை அடைக்கும் பிளக்குகளைக் (இவை ஸ்பார்க் பிளக் அல்ல) கழற்றிவிட்டு, திரும்பப் போடாமல் விடுவது. இவை பிளைவீல் பக்கத்திலும் டைமிங் பக்கத்திலும் மறைந்திருப்பதால் பூட்டிய பின் கண்ணில் படாது. புளொக் லேத்துக்குப் போகுமுன் போனில் நாற்புறமும் படமெடுத்து வைத்தால், திரும்பி வரும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

குளிரில் நன்றாக இருந்து, சூடானதும் ஐட்லிங்கில் விழுந்துவிடும் அழுத்தமே மிகவும் கவலைக்குரியது, ஏனெனில் அது பெயாரிங் இடைவெளியைக் காட்டுகிறது. இடைவெளி வழியாக வழியும் ஒயிலின் அளவு அந்த இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும்; இடைவெளி இரண்டு மடங்கானால் வழிவு எட்டு மடங்காகும். ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்குகளே சரிக்கும் பிழைக்கும் இடையில் உள்ளன. கிராங்கைக் கடைந்த அளவுக்குப் பொருந்தாத பெயாரிங் போட்டாலோ, பெயாரிங் ஷெல்லின் ஒயில் துளை புளொக்கின் துளைக்கு நேராக வராமல் பூட்டினாலோ, எந்தப் பம்பும் அதை ஈடுசெய்யாது. இந்த நிலையில் சில கராஜ்கள் 20டபிள்யூ-50 என்ற தடித்த ஒயிலை ஊற்றி அனுப்பிவிடுகின்றன. நூறு பாகை வெப்பத்தில் 30 தர ஒயிலின் பாகுத்தன்மை 9.3 முதல் 12.5 வரையான சென்ரிஸ்ரோக்ஸ் எல்லைக்குள் இருக்க, 50 தரத்துக்கு அது 16.3இல் தொடங்குகிறது, ஆகவே முள் ஏறும், விளக்கும் அணையும். இடைவெளி மட்டும் அப்படியே இருக்கும். என்ஜினுக்குரிய ஒயிலைப் போட்டு, சூடாக்கி, கேஜில் அளந்த எண்ணைப் பில்லில் எழுதித் தரும்படி கேட்பது உரிமையாளரின் உரிமை.

இனி குறைகள். 140 வரை செல்லும் அளவுகோலில் சூடான ஐட்லிங்கின் 7 பிஎஸ்ஐ அடிமூலையில் ஒடுங்கிவிடுகிறது. இத்தகைய மலிவான கேஜ்களின் பிழை முழு அளவின் சதவீதமாகக் கணக்கிடப்படுவது; 2.5 சதவீதம் என்று கொண்டாலே மூன்றரை பிஎஸ்ஐ ஆகிறது, 7ஐ அளப்பதற்கு அது பெரிய பிழை. 100 வரை மட்டும் செல்லும் கேஜ் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்கவேண்டும். உள்ளே கிளிசரின் நிரப்பாத கேஜ் என்பதால் இயங்கும் என்ஜினில் முள் நடுங்குகிறது. நடுவை ஊகித்து வாசிக்கவேண்டியிருக்கிறது. ஹோஸின் நீளம் காருக்குப் போதும், வானுக்குப் போதாது. சூடான எக்ஸோஸ்ற் மனிபோல்டில் அது பட்டால் ஒயில் பீறித் தீப்பற்றும் ஆபத்து உண்டென்பதால், அதைக் கம்பியால் விலக்கிக் கட்டிய பின்பே என்ஜினை இயக்கவேண்டும். இதைக் கழற்றாமல் வீதியில் ஓட்டவே கூடாது. பெட்டியில் விளக்கத் தாள் எதுவும் இல்லை, புரியில் சுற்றும் வெள்ளை ரேப்பும் இல்லை.

இத்தனைக்கும் இதன் விலை ஒரு முறை ஒயிலும் பில்டரும் மாற்ற ஆகும் செலவிலும் குறைவு. சொந்தமாக வாங்க விரும்பாதவர்கள், ஓவரோலுக்குக் கொடுக்கும் கராஜில் இந்தக் கேஜ் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். இல்லையென்றால் இதை வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கலாம். கேஜைக் கழற்றிச் சுவிட்சைத் திரும்பப் போடும்போது, புரியின் முதல் ஒன்றிரண்டு பற்களை விட்டுவிட்டு மீதியில் மட்டும் ரேப்பைச் சுற்றவேண்டும். ரேப்பின் துணுக்கு ஒயில் வழிக்குள் போகக்கூடாது, சுவிட்சுக்கு எர்த் கிடைப்பதும் அந்தப் புரி வழியாகத்தான். கூம்புப் புரி என்பதால் கடைசிவரை இறுக்காமல், கசிவு இல்லாத அளவுக்கு மட்டும் இறுக்கினால் போதும்.